கதை சொல்லும் டீச்சருக்கு ஒரு பதில்

கேள்வி: ஐயா, வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாக இருக்கிறேன். ஈராசிரியர் பள்ளி, 31 பிள்ளைகள். பணிக்கு வந்து 14 வருடம் ஆகிறது. ஆசிரியர் பயிற்சியின்போது குஜராத்திக் கல்வியாளர் கிஜுபாய் எழுதிய ‘பகல் கனவு’ படித்தேன். அதுதான் என்னை வகுப்பில் கதை சொல்ல வைத்தது, அப்புறம் எழுதவும் வைத்தது. 22 சிறுவர் கதைகள் கைவசம் இருக்கின்றன. “கதை சொல்லியே பாடத்தைக் கோட்டை விடுறீங்க” என்கிறார் தலைமையாசிரியர். வீட்டிலோ, ராத்திரி பன்னிரண்டு மணிவரை எதற்கு இந்த எழுத்து என்கிறார்கள். புத்தகமாகப் போட ஒரு பதிப்பகத்தார் 40 ஆயிரம் கேட்கிறார். கிஜுபாய்க்குத் தனிப் பள்ளி இருந்தது, எனக்கு என்ன இருக்கிறது? வேலையை விட்டுவிட்டு முழுநேரமும் எழுதினால்தான் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமோ? வயது 41. காலம் கடந்துவிட்டதோ என்றும் பயமாக இருக்கிறது. இரண்டு கதைகள் இணைத்திருக்கிறேன்.
— ஓர் ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம்

அன்புள்ள டீச்சர்,

வேலையை விட வேண்டாம். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதை நிதானமாகப் பேசலாம். 14 வருடப் பணிக்கு விருப்ப ஓய்வு கிடையாது, ராஜினாமாதான் கொடுக்க வேண்டியிருக்கும். சம்பளமும் போகும், கட்டிக் காத்த பணிக்காலமும் போகும். அதைவிட எனக்குப் பதைப்பாக இருப்பது வேறு. உங்கள் 22 கதைகளும் அந்த 31 பிள்ளைகளுக்கு நடுவில் உட்கார்ந்துதான் பிறந்திருக்கின்றன. அந்த இடத்தை விட்டு எழுந்து போனால்தான் எழுத முடியும் என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் தப்பு நடக்கிறது.

கிஜுபாயைக் கேட்டிருக்கிறீர்கள், அவரிடமிருந்தே தொடங்குகிறேன். 30 வருடம் ஆசிரியர்களோடு இருந்தவன் நான். 11 வருடம் வகுப்பறையில், மீதி வருடங்கள் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனத்தில். ‘பகல் கனவு’ படித்துவிட்டுக் கண் கலங்கி நின்ற பயிற்சி மாணவிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போன இரண்டாம் வருடம், “அதெல்லாம் புத்தகத்துக்குத்தான் சார்” என்று சொன்னவர்களும் அவர்களேதான். அந்த மனிதரின் வாழ்க்கையை முழுதாகச் சொல்லாமல் ஒரு புத்தகத்தை மட்டும் கையில் கொடுத்து அனுப்பிவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு இன்றும் உண்டு.

கிஜுபாய் பதேக்கா 1885 நவம்பர் 15 அன்று குஜராத்தின் சித்தல் என்ற ஊரில் பிறந்தார். பிழைப்புக்காக 1907-ல் கிழக்கு ஆப்பிரிக்கா போனார், இரண்டு வருடத்தில் திரும்பிவிட்டார். மும்பையில் சட்டம் படித்து வக்கீல் ஆனார். 1913-ல் மகன் நரேந்திரன் பிறந்தான். இந்தப் பிள்ளையை எப்படி வளர்ப்பது, எந்தப் பள்ளிக்கு அனுப்புவது என்ற கவலைதான் இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியைத் தேடிப் படிக்க வைத்தது. 1916-ல் நல்ல வரும்படி இருந்த வக்கீல் தொழிலை விட்டுவிட்டு பாவ்நகர் தட்சிணாமூர்த்தி கல்வி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே அவருக்கு முதலில் கிடைத்தது மாணவர் விடுதியைப் பார்த்துக்கொள்ளும் வேலை. பிறகு உயர்நிலைப் பள்ளிப் பொறுப்பு. பெரிய பையன்களோடு மல்லுக்கட்டிப் பார்த்த பிறகுதான், இவர்களிடம் வருவதற்குள் எல்லாம் முற்றிப்போய்விடுகிறது, இன்னும் கீழே போக வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. 1920-ல் சின்னஞ்சிறு பிள்ளைகளுக்காக பால மந்திர் தொடங்கினார்.

நீங்கள் பள்ளியை விட்டு எழுத்துக்குப் போக நினைக்கிறீர்கள். அவர் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பள்ளிக்கு வந்தவர். எழுத்து அதற்குப் பின்னால் வந்தது, அதுவும் பிள்ளைகளுக்குத் தேவைப்பட்டதால் வந்தது. பால மந்திரில் சொல்லக் கதைகள் வேண்டியிருந்தன. குஜராத்தி வீடுகளில் பாட்டிகள் வாயில் உலவிய கதைகளைத் தேடிப் பிடித்து, சொல்லிப் பார்த்து, பிறகு எழுதிவைத்தார். இப்படித் தொடங்கியவர் கதை, பாட்டு, பெற்றோருக்கு, ஆசிரியருக்கு என்று எழுதியது சுமார் 200 நூல்கள். பிள்ளைகளும் பெற்றோரும் அவருக்கு வைத்த பெயர் ‘மீசைக்கார அம்மா’. படத்தைப் பார்த்தீர்களானால் அந்த மீசை தெரியும்.

இங்கே ஒரு விஷயம் எனக்கு மிகவும் பிடிக்கும். மாண்டிசோரி அம்மையாரைக் குருவாக வைத்துக் கொண்டாடியவர் கிஜுபாய். ஆனால் சின்னப் பிள்ளைகளுக்கு மாயக்கதைகள் சொல்வதில் அந்த அம்மையாருக்கு உடன்பாடு இல்லை. கண்முன் இருப்பதை முதலில் தொட்டு அறியட்டும் என்பது அவர் கட்சி. கிஜுபாய் குருவின் பேச்சையும் கேட்டார், எதிரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் முகத்தையும் பார்த்தார். கதை விஷயத்தில் முகத்தைத்தான் நம்பினார். பால மந்திரில் கதையும் பாட்டும் நாடகமும் தாராளமாக இருந்தன. அடி இல்லை, பரிசும் இல்லை.

அவர் எழுதிவைத்த கதைகளில் குஜராத்திக் குழந்தைகளுக்கு மனப்பாடமான ஒன்று, ஏழு வால் எலியின் கதை. ஏழு வாலோடு ஓர் எலி பள்ளிக்கூடம் போகும். ‘ஏழு வால் எலி, ஏழு வால் எலி’ என்று பிள்ளைகள் கேலி செய்வார்கள். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்து ஒரு வாலை வெட்டிக்கொள்ளும். மறுநாள் ‘ஆறு வால் எலி’ என்பார்கள். அடுத்தது ஐந்து. இப்படியே ஒற்றை வாலுக்கு வந்து, அதையும் வெட்டிக்கொண்டு போனால், ‘வாலில்லா எலி!’ அவ்வளவுதான் கதை. இதை உங்கள் வகுப்பில் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். நான்காவது வால் விழும்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உங்களுக்கு முன்னால் ‘மூணு!’ என்பார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கடைசியில் சிரித்துவிட்டுக் கொஞ்சம் சும்மா இருப்பார்கள், ஏனென்றால் கேலி என்றால் என்னவென்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். கழித்தல் கணக்கும் அதற்குள் இருக்கிறது, ஆனால் கணக்குச் சொல்லித்தர யாரோ திட்டம் போட்டுச் செய்த கதை மாதிரி எங்கேயும் தெரியாது. ஐந்து வகுப்பும் ஒரே அறையில் உட்காரும் உங்கள் பள்ளிக்கு, திரும்பத் திரும்ப வரும் வரி உள்ள இந்த மாதிரிக் கதை தங்கம்.

‘கிஜுபாய்க்குத் தனிப் பள்ளி இருந்தது’ என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை. ஆனால் 1930-களின் தொடக்கத்தில் அவர் ‘பகல் கனவு’ எழுதியபோது, கதையை அந்தப் பள்ளியில் நடத்தவில்லையே, கவனித்தீர்களா? கதையில் வரும் லட்சுமிராம் வாத்தியார் போவது ஊரில் உள்ள சாதாரண ஆரம்பப் பள்ளிக்கு. நான்காம் வகுப்பு. சந்தேகத்தோடு பார்க்கும் கல்வி அதிகாரி, சத்தம் தாங்கவில்லை என்று முறையிடும் சக ஆசிரியர்கள், வருடக் கடைசியில் பரீட்சை, எல்லாம் உண்டு. முதல் நாள் அமைதி விளையாட்டு என்று ஒன்றை ஆரம்பிக்கிறார், பிள்ளைகள் கூச்சல் போட்டுக் கலைத்துவிடுகிறார்கள். அசடு வழிய அவர்களை வீட்டுக்கு அனுப்பிவைக்கிறார், அதற்கும் பேச்சு வாங்குகிறார். மறுநாள்தான் கதையை எடுக்கிறார். அந்தக் கதை நாள்கணக்கில் நீள்கிறது, பாடம் எப்போது நடத்தப்போகிறீர்கள் என்ற கேள்வியும் கூடவே நீள்கிறது. தன் பள்ளியில் எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்ட மனிதர், உங்களைப் போன்றவர்களின் பள்ளியில் இது எப்படி நடக்கும் என்று உட்கார்ந்து யோசித்து எழுதிய புத்தகம் அது. உங்களுக்கென்றே எழுதியது. இன்னொரு தடவை படியுங்கள். இந்த முறை லட்சுமிராம் எங்கெங்கே தோற்கிறார் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே படியுங்கள்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பணிக்கு வந்த மூன்றாம் வருடம் நானும் ஒரு கதை எழுதினேன். ஒரு கிழவி தினமும் தன் சோற்றைக் காக்கைக்குப் போட்டுவிடுவாள். அவள் நோயில் கிடக்கும்போது காக்கை நெல்மணியாகக் கொண்டுவந்து சேர்க்கும். எழுதி முடித்தபோது எனக்கு அவ்வளவு பெருமை. தாளைப் பிரித்து வகுப்பில் வாசித்தேன். இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன், காலைச் சாப்பாடு இல்லாமலே வருகிறவன், கதை முடியும் முன்னால் எழுந்து நின்றான். “அப்ப அந்தப் பாட்டி சாப்பிடவே இல்லையா சார்?” என்று கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. காக்கைக்குப் போட்டதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன், அவள் வயிற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. பள்ளிகளில் காலை உணவு வருவதற்கு வெகுகாலம் முந்தைய கதை இது. அன்றைக்கு மதியம் சத்துணவு வரிசையில் அவன் தட்டை நீட்டி நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் கதையை மாற்றிச் சொன்னேன். கிழவி பாதி சாப்பிடுவாள், பாதி வைப்பாள், காக்கை வரும்வரை கையில் தண்ணீர்ச் சொம்போடு திண்ணையில் காத்திருப்பாள். அந்தப் பையன் அந்த இடத்தில் தலையை ஆட்டினான். நான் எழுதியதில் நன்றாக அமைந்த ஒரே கதை அதுதான். அதைச் சரிசெய்தவன் அவன். வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதியிருந்தால் அந்தக் கேள்வி எனக்கு வந்தே இருக்காது.

அதனால் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். எழுதி முடித்துவிட்டு வாசிக்காதீர்கள். முதலில் தாள் இல்லாமல் சொல்லுங்கள். வாரம் விட்டு இன்னொரு தடவை, இன்னும் ஒரு தடவை. எந்த இடத்தில் ஒருத்தி சடையைப் பின்ன ஆரம்பித்தாள், எந்த இடத்தில் கடைசி வரிசை முன்னால் நகர்ந்து வந்தது என்பதை அன்றே இரண்டு வரி குறித்துவையுங்கள். அவர்கள் கேட்ட கேள்வியை அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். மூன்று தடவை சொன்ன பிறகு எழுத உட்கார்ந்தால், ராத்திரி பன்னிரண்டு மணிவரை ஆகாது. பாதிக் கதை ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். வீட்டுப் பிரச்சினைக்கும் எனக்குத் தெரிந்த வழி இதுதான். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், மற்ற நாள் தூங்குங்கள்.

தலைமையாசிரியர் விஷயம். அவரை எதிரியாக நினைக்காதீர்கள். அவருக்கு மேலே ஆய்வுக்கு வருகிறவர்கள் உண்டு, எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளத்தில் ஏற்ற வேண்டியவை உண்டு, கேள்வி கேட்டால் காட்ட அவர் கையில் ஏதாவது இருக்க வேண்டும். கதை சொல்லும் நேரத்தைப் பாடக்குறிப்பில் ஏற்றுங்கள். கேட்டல், பேசுதல் இரண்டும் தமிழ்ப் பாடத்தின் கற்றல் விளைவுகள்தான், ஒளித்துவைத்துச் செய்ய வேண்டிய காரியம் இல்லை. ஒன்று முதல் மூன்று வகுப்புக்கு ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்த பிறகு பாட்டும் கதையும் வகுப்பின் நேரத்துக்குள்ளேயே வந்துவிட்டன. ஆனால் ஒன்று கேட்கிறேன், மனதைத் தொட்டுப் பதில் சொல்லுங்கள். உங்கள் நான்காம் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறுகிற பிள்ளை எத்தனை? அந்தப் பிள்ளைக்கு உங்கள் கதை என்ன செய்கிறது? கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டுப் போனால் போதாது. அடுத்த நாள் அதே கதையின் நான்கு வரியைக் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள். வாயில் ஏற்கெனவே இருக்கும் வரி என்பதால் கண் அதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இரண்டு மாதம் கழித்து அந்தப் பிள்ளையைத் தலைமையாசிரியர் முன்னால் வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் வாதாட வேண்டிய தேவையே இருக்காது.

40 ஆயிரம் கொடுக்காதீர்கள். இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. நகையை வைத்துப் புத்தகம் போட்டு, கட்டுக்கட்டாகப் பீரோ மேலே அடுக்கிவைத்திருக்கும் ஆசிரியர்களின் வீடுகளுக்குப் போயிருக்கிறேன். உங்கள் கதை நல்ல கதையாக இருந்தால், தன் செலவில் போடும் பதிப்பகம் ஒன்று கிடைக்கும்வரை காத்திருக்கலாம். அதுவரை இரண்டு வழி இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறையே நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘ஊஞ்சல்’, ஆறு முதல் ஒன்பதுவரை ‘தேன்சிட்டு’, ஆசிரியர்களுக்கு ‘கனவு ஆசிரியர்’ என்று இதழ்கள் கொண்டுவந்திருக்கிறது. அவற்றுக்கு அனுப்பிப் பாருங்கள். 2023-ல் வந்த வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்களை, நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படியாகப் பிரித்திருப்பார்களே, அவற்றை எடுத்துவைத்து ஒரு பக்கத்துக்கு எத்தனை வரி, ஒரு வரிக்கு எத்தனை சொல் என்று எண்ணிப் பாருங்கள். எந்தப் பயிற்சி வகுப்பும் இதைவிட நன்றாகச் சொல்லித்தராது. இரண்டாவது வழி, இரண்டு ஏ4 தாளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மடித்து, நடுவில் ஊசிநூலால் தைத்தால் எட்டுப் பக்கப் புத்தகம். எழுத்து உங்களுடையது, படம் பிள்ளைகளுடையது. வாசிப்பு மூலைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள். எந்தப் புத்தகத்தின் ஓரம் முதலில் அழுக்காகிக் கிழிகிறதோ, அதுதான் உங்கள் முதல் அச்சுப் புத்தகத்துக்குரிய கதை. புத்தகமாகப் போகும் நாள் வந்தால், அரசு ஊழியர் நடத்தை விதி என்ன சொல்கிறது என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்டு, தேவையானதை எழுத்தில் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.

வயதுக்கு வருகிறேன். தேரூர் தேசிக விநாயகம் பிள்ளையை நாம் கவிமணி என்கிறோம். வெள்ளைப்பசுவும் கன்றுக்குட்டியும் வரும் அவருடைய பாட்டைப் பாடாமல் தமிழ்நாட்டில் ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பைத் தாண்டியிருக்காது. அவர் 1876-ல் பிறந்தவர். நாகர்கோவில் பக்கமும் திருவனந்தபுரத்திலுமாக 36 வருடம் ஆசிரியர் வேலை பார்த்து, 1931-ல் ஓய்வு பெற்றார். ‘மலரும் மாலையும்’ தொகுப்பு வந்தது 1938-ல். அப்போது அவருக்கு 62 வயது. அதுவரை பாட்டு எழுதாமல் இருந்தார் என்று அர்த்தமில்லை. பாடம் நடத்திக்கொண்டே, பாடல்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தவர்தான். கிஜுபாய் 1939-ல், 53 வயதிலேயே போய்விட்டார், பால மந்திர் தொடங்கிய பிறகு அவருக்குக் கிடைத்தது 19 வருடம்தான். உங்களுக்கு ஓய்வு வயது 60. இன்னும் 19 வருடம் வகுப்பறை உங்களுக்கு இருக்கிறது. கணக்கு இப்படிப் பொருந்தியதைப் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

கிஜுபாயிடம் ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. அவர் தனியாக இல்லை. தட்சிணாமூர்த்தியில் அதை நிறுவிய நானாபாய் பட் இருந்தார். 1923-ல் கல்வியாளர் தாராபாய் மோடக் வந்து சேர்ந்தார். அந்த அம்மையார் பிறகு மகாராஷ்டிரத்தில் கோஸ்பாட் மலைப்பகுதிப் பழங்குடிப் பிள்ளைகளிடம் போய், அவர்கள் வீட்டு முற்றத்திலேயே வகுப்பு வைத்தார். இன்று நம் தெருவில் இருக்கும் அங்கன்வாடிக்கு அந்த முற்றமும் ஒரு மூலம். உங்கள் ஒன்றியத்திலும் கதை எழுதும் டீச்சர் இன்னும் இரண்டு பேராவது இருப்பார்கள். பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவளமையக் கூட்டத்தில் தேநீர் இடைவேளையில் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக நீங்கள் அனுப்பிய கதைகள். ‘குடிகாரரின் மகன்’ கதையைத் தயவுசெய்து எங்கும் அனுப்பாதீர்கள். பெயரை மாற்றியிருக்கிறீர்கள். ஆனால் செங்கல் சூளை, தெற்றுப்பல், ஒரு கை உடைந்த தங்கை எல்லாம் அப்படியே இருக்கின்றன. உங்கள் ஊரில் யாருக்கும் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அந்தப் பையன் உங்களை நம்பி வகுப்பு முடிந்த பிறகு சொன்னது அது. நாளைக்கு அவனே பெரியவனாகி எழுதினால் அது அவன் உரிமை. நீங்கள் செய்ய வேண்டியது, அந்தத் தங்கைக்காகக் குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் பேசுவது. இன்னும் பேசவில்லை என்றால் இந்தப் பதிலை மூடிவைத்துவிட்டு முதலில் அதைச் செய்யுங்கள்.

குரங்கும் குடையும் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. குரங்கு குடையைத் தலைகீழாகப் பிடித்து மழைநீர் சேர்க்கும் இடத்தில் உங்கள் பிள்ளைகள் கை தட்டியிருப்பார்கள், வாசிக்கும்போதே எனக்குக் கேட்டது. இரண்டு திருத்தம் மட்டும். ‘ஓர் அடர்ந்த காட்டிலே’ என்று ஆரம்பிக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஏரிக்கரைப் பனைமரமும் கோயில் மண்டபத்துக் குரங்குகளும். அங்கிருந்து தொடங்குங்கள். அப்புறம் கடைசிப் பத்தியில் ‘ஆகவே குழந்தைகளே’ என்று தொடங்கும் நான்கு வரியை எடுத்துவிடுங்கள். குரங்கு குடையை மடக்கிக் கிழவியிடம் கொடுக்கிற இடத்திலேயே கதை முடிந்துவிட்டது. மாற்றியதை மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, பிள்ளைகள் என்ன கேட்டார்கள் என்பதையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.